ரத்தத்துக்கும் வயதாகும்

என் அம்மாவுக்கு 74 வயது. வயதான பெண்களின் ரத்த அணுக்களில் ஒரு எக்ஸ் குரோமோசோம் காணாமல் போய்விடும் என்று படித்தேன். புற்றுநோய் வருமோ என்று பயமாக இருக்கிறது. டெஸ்ட் எடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

வேண்டாம். அந்தக் காசில் அம்மாவுக்கு வழுக்காத நல்ல செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. அதில் ஒன்று கருவிலேயே வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறது. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் வருடக்கணக்கில் பிரிந்துகொண்டே இருக்கும்போது தவறிப்போவது பெரும்பாலும் இந்தச் சும்மா இருந்த எக்ஸ்தான். அதுவும் எல்லா அணுக்களிலும் அல்ல. 2024இல் வெளியான ஆய்வில், சுமார் 9 லட்சம் பெண்களில் நூற்றுக்குப் 12 பேருக்கு இது இருந்தது. லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோயோடு ஓரளவு தொடர்பும் தெரிந்தது. ஆனால் எக்ஸ் தொலைவதற்கென்று மாத்திரை கிடையாது. தெரிந்துகொண்டு தூக்கத்தைத்தான் கெடுத்துக்கொள்வீர்கள்.

ரத்த அணுக்களில் மாற்றம் இருந்தாலே புற்றுநோய் வந்துவிடும் என்றும் இல்லை. நெதர்லாந்தின் ஹெண்ட்ரிக்யே வான் ஆண்டெல் ஸ்கிப்பர் பாட்டி 115 வயது வாழ்ந்து 2005இல் இறந்தார். உடலை ஆராய்ச்சிக்கு எழுதிவைத்திருந்தார். அவருடைய வெள்ளை அணுக்களில் சுமார் 450 மரபணு மாற்றங்கள்! அந்த அணுக்களில் பெரும்பாலானவை இரண்டே ஸ்டெம் செல்களின் வாரிசுகள். அப்படியும் அவருக்கு ரத்தப் புற்றுநோய் இல்லை. ஆயுளுக்குக் காரணம் தினமும் சாப்பிட்ட ஹெர்ரிங் மீன் என்பார் பாட்டி. அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, காய்ச்சல் அடிக்கடி வந்தாலோ, அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள் தெரிந்தாலோ டாக்டரிடம் காட்டி, ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். சாதாரண லேப் போதும்.