மருந்து அடிச்ச சட்டையும் மடியில் பிள்ளையும்



இயற்கை வழிக்கு மாறுவதற்கு முன்னால் பதினோரு வருடம் கத்திரிக்கு மருந்து அடிச்சவன் நான். டேங்கை இறக்கி வச்சுட்டு வீட்டுக்குள் நுழைஞ்சா, மூணு வயசு மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்குவா. அதே சட்டையோடு தூக்கிக்குவேன். இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த என் மனைவி அந்தச் சட்டையைக் கையாலேயே துவைப்பாங்க. யாருக்கும் மயக்கமோ வாந்தியோ வரலை. அதனால் ஒண்ணும் ஆகலைன்னு நினைச்சேன். மயக்கமும் வாந்தியும் வந்தால்தான் விஷம் என்பதில்லை என்று பின்னால் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

சலினாஸ் சொன்ன பாடம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சலினாஸ் பள்ளத்தாக்கு இருக்கு. லெட்டூஸ் கீரையும் ஸ்ட்ராபெர்ரியும் விளையும் பூமி. வேலை செய்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளிகள். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெண்டா எஸ்கெனாசியின் குழு, 1999-2000ஆம் ஆண்டுகளில் அங்கே 601 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஆய்வின் பெயர் 'சமாகோஸ்'. மெக்சிகோ பேச்சுவழக்கில் 'சின்னப் பிள்ளைகள்' என்று அர்த்தம்.

கர்ப்ப காலத்தில் தாயின் சிறுநீரை எடுத்து, ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் உடலில் உடைந்து வரும் கழிவுகளை அளந்தார்கள். குளோர்பைரிபாஸ், மாலத்தியான் எல்லாம் இந்த வகைதான். பிள்ளைகளுக்கு 7 வயது ஆனதும் அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். முடிவு 2011இல் வெளிவந்தது. தாய்மார்களை ஐந்து பங்காகப் பிரித்தால், கழிவு அதிகமாக இருந்த பங்கின் பிள்ளைகள், குறைவாக இருந்த பங்கின் பிள்ளைகளைவிட சராசரியாக 7 புள்ளி பின்தங்கியிருந்தார்கள்.

நியூயார்க் நகரத்துத் தாய்மார்களிடம் நடந்த ஆய்வுகளும் அதே வருடம் இதே பக்கம்தான் கையைக் காட்டின. வயல் பக்கமே போகாதவர்கள் அவர்கள். வீட்டுக்குள் கரப்பானுக்கு அடிச்ச மருந்தே போதுமாக இருந்திருக்கு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லணும். இது கூட்டத்தின் சராசரி. 'இந்தப் பிள்ளை மந்தமாக இருக்கிறதுக்கு இதுதான் காரணம்' என்று எந்த ஒரு பிள்ளையையும் காட்டிச் சொல்ல முடியாது. 'என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலை' என்றும் அதே போலச் சொல்ல முடியாது.

பிள்ளைகளுக்கு ஏன் அதிகம்?

இந்த வகை விஷம் பூச்சியின் நரம்பில் ஒரு நொதியை முடக்கித்தான் கொல்லுது. அதே நொதி நம்ம நரம்பிலும் இருக்கு. விஷத்தை உடைத்து வெளியேற்ற உதவும் இன்னொரு நொதி நம்ம ரத்தத்தில் உண்டு. அது பிறந்த குழந்தையிடம் மிகக் குறைவு. 7 வயதிலும்கூடத் தாயின் அளவுக்கு வருவதில்லை என்று சலினாஸ் குழுவே பதிவு செய்திருக்கு. அதோடு, எடைக்கு எடை பார்த்தால் குழந்தை நம்மைவிட அதிகம் சாப்பிடுது, அதிகம் மூச்சு விடுது. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்குது. மூளை வளரும் காலமும் அதுதான்.

ஐந்தே நாள்

மனசுக்குத் தெம்பு தரும் ஆய்வும் இருக்கு. சியாட்டில் பகுதியில் 23 பிள்ளைகளுக்கு, வழக்கமாகச் சாப்பிடும் உணவுகளையே ஐந்து நாளைக்கு இயற்கை விளைச்சலாக மாற்றிக் கொடுத்தார்கள். சிறுநீரில் மாலத்தியான், குளோர்பைரிபாஸ் கழிவுகள் உடனே அளக்க முடியாத அளவுக்கு இறங்கின. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் மறுபடி ஏறின. 2006இல் வந்த ஆய்வு இது. நம்ம வயல் மாறினால் பிள்ளையின் உடம்பில் அது தெரியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

நாம் செய்ய வேண்டியது

இன்னும் முழுசா மாறாதவர்களுக்கு: மருந்து அடிச்சவர் குளிச்சு, உடை மாற்றின பிறகே பிள்ளையைத் தொடணும். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல், கையுறை போட்டு அவரே துவைக்கணும். கர்ப்பிணி தொடவே கூடாது. தெளித்த வயலில் களை எடுக்கவோ காய் பறிக்கவோ அவங்களை அனுப்பாதீங்க. காலி டப்பா எதற்கும் பயன்படக் கூடாது.

மாறத் தொடங்குபவர்களுக்கு: ஏக்கருக்கு 10 கிலோ வேப்பம் பருப்பை இடிச்சு, ராத்திரி ஊறவச்சு, வடிகட்டி, 200 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப் கரைசல் சேர்த்து மாலையில் தெளிங்க. கத்திரிக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைங்க. புழு புகுந்து வாடின நுனிக்குருத்தைக் கிள்ளி அழிங்க.

இயற்கைதானே என்று இதிலும் அசட்டை வேண்டாம். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் ஊட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. மலேசியாவில் அப்படி ஊட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தானதை 1980களில் மருத்துவர்கள் எழுதியிருக்காங்க. செடிக்கு நல்லது குழந்தையின் வயிற்றுக்கு நல்லது ஆகாது.

இதைப் படிச்சுட்டுப் பயந்து பிள்ளைக்குக் காய், கீரையை நிறுத்திடாதீங்க. அது இரட்டை நஷ்டம். நல்லாக் கழுவிக் கொடுங்க. கொல்லையில் நாலு கத்திரி, ஒரு பாத்தி கீரை போடுங்க.

அப்போது வயிற்றில் இருந்த பையன் இப்போ பத்தாவது படிக்கிறான். கணக்குத்தான் வரலைங்கிறான். எத்தனையோ பிள்ளைகளுக்கு வராது. ஆனாலும் அவன் நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சட்டை ஞாபகம் வருது. பதில் எனக்கும் தெரியாது, எந்த மருத்துவருக்கும் தெரியாது. அந்தக் கேள்வி உங்க வீட்டுக்கு வராம இருக்கட்டும். விஷத்தை 'மருந்து' என்று சொல்றதை முதலில் நிறுத்துவோம். இந்தப் பாடத்தை வீட்டுப் பெண்களோடு சேர்ந்து படிச்சுட்டு அடுத்த கூட்டத்துக்கு வாங்க.