ஆக்ஸிஜன் இருந்தால் போதுமா?

விண்வெளிப் படங்களில் இந்தக் காட்சி தப்பாமல் வரும். ஆக்ஸிஜன் முள் இறங்கும், சிவப்பு விளக்கு மின்னும், கதாநாயகன் மூச்சுக்குத் தவிப்பான். இதையே பார்த்துப் பார்த்து, விண்கலம் என்றால் ஆக்ஸிஜன், எரிபொருள், சாப்பாடு மூன்றையும் நிரப்பிய டப்பா என்று நமக்குப் பதிந்துவிட்டது. ஏற்றிச் செல்வது பெரிய வேலைதான். ஆனால் உள்ளே சேர்வதை வெளியேற்றுவது அதைவிடப் பெரும்பாடு.

மூச்சிலிருந்தே தொடங்கலாம். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 840 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். அதே ஆள் ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயுவை வெளியே விடுகிறார். அடைத்த அறையில் ஆக்ஸிஜன் தீர்வதற்கு வெகு முன்பே இந்த வாயு ஆளைச் சாய்த்துவிடும். முதலில் தலைவலி, பிறகு குழப்பம், பிறகு மயக்கம்.

1970 ஏப்ரலில் நிலவை நோக்கிப் போன அப்போலோ 13 கலத்தின் ஆக்ஸிஜன் தொட்டி வெடித்ததால், அதில் போனவர்கள் சுவாசிக்க ஆக்ஸிஜன் இல்லாமல் திண்டாடினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். லவல், ஸ்விகர்ட், ஹெய்ஸ் மூவரும் தஞ்சம் புகுந்த நிலவிறங்கு கலத்தில் ஆக்ஸிஜனுக்குக் குறைவில்லை. அங்கே போதாமல் போனவை கரியமில வாயுவை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பாக்கள்தான். அது இரண்டு பேருக்காகச் செய்த கலம். தாய்க்கலத்தில் டப்பாக்கள் மிச்சமிருந்தன. ஆனால் அவை சதுரம், இங்கே பொருத்த வேண்டிய இடமோ வட்டம். ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் பொறியாளர் எட் ஸ்மைலியின் குழு பிளாஸ்டிக் பை, அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டு டேப் இவற்றைக் கொண்டே ஓர் இணைப்பைச் செய்து பார்த்தது. செய்முறையை ரேடியோவில் ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல, மேலே அவர்கள் ஒட்டி முடித்தார்கள். வாயுவின் அளவு இறங்கியது.

காற்று சுத்தமாக இருந்தாலும் போதாது, அது நகர வேண்டும். பூமியில் நாம் விடும் சூடான மூச்சு லேசாகி மேலே போய்விடும். எடையற்ற நிலையில் மேல், கீழ் இல்லாததால் விட்ட மூச்சு முகத்தருகிலேயே தேங்கும். தூங்குகிறவர் அதையே திரும்பத் திரும்ப இழுத்துத் தலைவலியோடு எழுவார். அதனால் சர்வதேச விண்வெளி நிலையத்தில் காற்றாடிகள் இரவு பகலாகச் சுழல்கின்றன. படங்களில் காட்டும் தியான மண்டப அமைதி அங்கே கிடையாது. நிலையம் ஓயாமல் இரைந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது, எனக்குத் தெரிந்து படித்தவர்களும் பிடிவாதமாக நம்புவது: விண்வெளி கடுங்குளிர், ஆகவே கலத்தைச் சூடாக வைத்திருப்பதுதான் சவால். வெளியே இருப்பது வெற்றிடம். வெப்பத்தை எடுத்துச் செல்ல அங்கே காற்றும் இல்லை, நீரும் இல்லை. தெர்மாஸ் பிளாஸ்க்கின் சுவர்களுக்கு நடுவே இருப்பதும் இதே வெற்றிடம்தான். உள்ளே கருவிகளும் மனித உடல்களும் விடும் சூடு உள்ளேயே கிடக்கும், கதிர்வீச்சாக வெளியேறினால்தான் உண்டு. விண்வெளி நிலையத்தின் வெளியே நீண்டிருக்கும் வெண்ணிறப் பலகைகள் அந்த வேலையைத்தான் செய்கின்றன. அவற்றில் ஓடுவது அமோனியா. 2013 டிசம்பரில் அந்த அமோனியாச் சுற்றின் பம்ப் ஒன்று பழுதானபோது நிலையத்தின் பல கருவிகளை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. இருவர் இரண்டு முறை வெளியே போய்ப் பம்பையே மாற்றினார்கள்.

1973 மே மாதம் ஏவிய ஸ்கைலேப் என்ற விண்வெளி நிலையம், ஏறும்போதே தன் வெயில் மறைப்பை இழந்தது. உள்ளே வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பின்னால் போன முதல் குழு ஒரு சிறு துளை வழியாக மடக்குக் குடை ஒன்றை வெளியே நீட்டி விரித்தது. நிஜமாகவே குடைதான். அதன் பிறகுதான் அங்கே குடியிருக்க முடிந்தது.

அப்போலோ 13-ல் குளிரில் நடுங்கினார்களே என்று கேட்கலாம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பெரும்பாலான கருவிகளை அணைத்துவிட்டதால் வந்த குளிர் அது. அப்போதும், ஓடிக்கொண்டிருந்த கருவிகளைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டுமே என்று குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

எஞ்சின் வழி நெடுக எரிந்துகொண்டிருக்கும் என்பதும் தவறு. அப்போலோ கலங்களை நிலவுப் பாதையில் தள்ளிவிட்ட எரிப்பு ஏறத்தாழ 6 நிமிடம். அதன் பிறகு சில சிறு திருத்தங்கள் தவிர, மூன்று நாளும் எஞ்சின் இல்லாமலே போனார்கள். அதேபோல் சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு விசை இல்லாமல் போய்விடுவதில்லை. தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 சதவீதம் அங்கேயும் உண்டு. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால் எடை தெரிவதில்லை, அவ்வளவுதான். எடை தாங்காத எலும்பு மாதத்துக்கு 1 சதவீதம் அளவுக்குக் கரையும் என்பதால் தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி உண்டு. அந்த வியர்வையும் வீணாவதில்லை. வியர்வை, சிறுநீர், மூச்சின் ஈரம் எல்லாம் வடிகட்டிக் குடிநீராகத் திரும்புகின்றன. நிலையத்தின் அமெரிக்கப் பகுதியில் 2023-ல் இந்த மீட்பு 98 சதவீதத்தை எட்டியது.

சாப்பாட்டுக்குப் பதில் மாத்திரை போதும் என்கிறார்களே? கணக்கே உதைக்கிறது. இருப்பதிலேயே அதிகச் சக்தி தரும் கொழுப்பில்கூட ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். ஒரு நாளுக்கு 2,500 கலோரி வேண்டுமென்றால் கால் கிலோவுக்கு மேல் சுத்தக் கொழுப்பை விழுங்க வேண்டும். 2025-ல் நிலையத்துக்குப் போன இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் எடுத்துப்போனார், இதுதான் விவேகம். உண்மையான கட்டுப்பாடு உதிர்வதில் இருக்கிறது. ரொட்டித் துணுக்கு மிதந்து கண்ணில் விழும், காற்றாடியின் வடிகட்டியை அடைக்கும். அதனால் ரொட்டிக்குப் பதில் நம் சப்பாத்தியைப் போன்ற டார்டியா. உப்பை நீரில் கரைத்தும் மிளகை எண்ணெயில் கலந்தும் கொடுக்கிறார்கள். இட்லிப் பொடிக்கு வாய்ப்பே இல்லை.

யாருமே கேட்காதது ஒன்று உண்டு: துணி. நிலையத்தில் சலவை இயந்திரம் கிடையாது. நாள்கணக்கில் போட்டு, அழுக்கேறியதும், வேலை முடிந்த சரக்குக் கலத்தில் குப்பையோடு அடைத்து அனுப்பிவிடுவார்கள். அது வளிமண்டலத்தில் எரிந்துபோகும். செவ்வாய்க்குப் போகிறவர்களுக்கு இந்த வசதி இருக்காது. அதனால் நாசா 2021-ல் டைட் சலவைத்தூளைத் தயாரிக்கும் கம்பெனியோடு சேர்ந்து விண்வெளிக்கென ஒரு சலவைச் சோப்பை ஆராயத் தொடங்கியது. அதற்கு விதித்த முக்கிய நிபந்தனை, துவைத்த தண்ணீரைச் சுத்திகரித்துக் குடிக்க முடிய வேண்டும் என்பது.