ஜீப்பை உயர்த்தும் முன் ஸ்டியரிங்கைப் பாருங்கள்



வாகனத்தைப் பற்றி நலன்புரி உத்தியோகத்தர் ஏன் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. நம் மேற்பிரிவுகளில் சுகவீனமானவரை இறக்குவது ஜீப். பிரசவத்துக்குப் போவது ஜீப். அரிசி மூட்டை, கூரைத் தகரம், சில நாட்களில் பள்ளிப் பிள்ளைகள், எல்லாம் ஜீப்பில்தான். 2016 இல் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இன்று கூப்பிட்டால் வருகிறது. ஆனால் கல் பாதையில் லயத்து வாசல் வரை அதால் எல்லா இடத்துக்கும் ஏற முடியாது. தார் ரோடு வரைக்கும் நோயாளியைக் கொண்டு வருவது நம்ம ஜீப்புதான். ஆகவே அதன் ஆரோக்கியமும் நம் குடும்ப ஆரோக்கியத்தில் ஒரு பகுதி.

ஒரு மழை இரவு

சில வருடங்களுக்கு முன், ஜூலை மாத மழையில், மேற்பிரிவிலிருந்து ஒரு கர்ப்பிணித் தாயை ஜீப்பில் ஏற்றினோம். நானும் கூட இருந்தேன். அந்த ஜீப்பை எங்கள் இளைஞர் இருவர் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். அழகுக்காக அதைத் தூக்கி வைத்திருந்தார்கள். ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை, நீளமான ஷேக்கிள், பெரிய டயர். முன் சக்கரம் நடுங்குவதை நான் முன்பே கண்டிருந்தேன். கேட்டபோது டிரைவர் தம்பி, "ஐயா, வண்டி நல்லாத்தான் இருக்கு, கை மட்டும் கொஞ்சம் நடுங்குது" என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

அன்று இறக்கத்தில் ஒரு குழியில் விழுந்து எழும்பியதும் ஸ்டியரிங் கைக்கு அடங்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மேல் பக்கத்துக் கானுக்குள் சக்கரம் இறங்கியதுதான் எங்கள் அதிர்ஷ்டம். பையன்கள் தாயைக் கதிரையில் வைத்து ரோடு வரை தூக்கிப் போனார்கள். தாயும் பிள்ளையும் சுகம். மறுநாள் பார்த்தால், ஸ்டியரிங் ராட்டின் ஒரு போல் ஜொயின்ட் தேய்ந்து கழன்றிருந்தது. அதன் நட்டில் ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பிதான் இருந்தது. கண்டும் பேசாமல் இருந்த என் தவறையும் சேர்த்தே இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

2023 ஜனவரி 20 அன்று ரதல்ல குறுக்குப் பாதையில் பஸ், வேன், முச்சக்கர வண்டி மோதி 7 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம் மலைப் பாதையில் வாகனம் கட்டுப்பாட்டை இழந்தால் சமாளிக்க இடம் கிடையாது.

நம் ஜீப்பின் உடம்பு

நாம் ஜீப் என்று சொல்வதில் பழைய லேண்ட் ரோவர் நிறைய. அந்த வண்டி 1948 இல் முதன்முதலாக வெளிவந்தது. சீரிஸ் 3 என்ற வகை 1971 முதல் 1985 வரை தயாரானது. இவற்றில் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். 1983 இல்தான் சுருள் ஸ்பிரிங் வகை வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் பழசைத் திருத்தி ஓட்டுவதே நமக்கு வழியாக இருந்தது. விலையைப் பார்த்தால் இன்றும் பலருக்கு அதுதான் வழி.

பட்டை ஸ்பிரிங் இரண்டு வேலை செய்கிறது. பாரத்தைத் தாங்குகிறது, அச்சை அதன் இடத்தில் பிடித்தும் வைக்கிறது. ஆகவே ஸ்பிரிங் கெட்டால் குலுக்கல் மட்டும் வராது. ஸ்டியரிங்கும் கெடும். இரண்டையும் தனித்தனி நோயாக நினைக்காதீர்கள்.

சீரிஸ் லேண்ட் ரோவரில் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரம் வரை மொத்தம் 6 போல் ஜொயின்ட் உண்டு. ஒவ்வொன்றிலும் மயிரிழை ஆட்டம் இருந்தாலும், ஆறும் சேர்ந்தால் ஸ்டியரிங்கை ஒரு கையளவு திருப்பிய பிறகுதான் சக்கரம் அசையும்.

ஆட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

இதற்கு இரண்டு பேர் வேண்டும். சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

1. ஒருவர் உள்ளே இருந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதாக அசைக்க வேண்டும். மற்றவர் கீழே குனிந்து ஒவ்வொரு ஜொயின்டாகப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நின்றால் அந்த ஜொயின்ட் முடிந்துவிட்டது.

2. பின் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே நுழையாதீர்கள். அச்சுக்குக் கீழே உறுதியான ஸ்டாண்ட் வையுங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் குறை வீல் பெயரிங்கில். மிதித்தும் நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் சுவிவல் பின்னில்.

3. அதே சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். இப்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங் ராட்டுகளைத் தேடுங்கள்.

4. ஸ்டியரிங் பெட்டியைச் சேஸியில் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். பெட்டியே அசைந்தால் மற்றதை மாற்றிப் பயனில்லை.

தேய்ந்த போல் ஜொயின்டை வெல்டிங் பிடிக்கக் கூடாது. வளைந்த ராட்டை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்தக் கூடாது. இரண்டும் சொல்லாமல் முறியும். நட்டைக் கழற்றினால் ஸ்பிளிட் பின் புதிதாகப் போட வேண்டும். ஜொயின்ட் மாற்றிய பின் சக்கர நேர்த்தியை அளக்க வேண்டும். சீரிஸ் லேண்ட் ரோவருக்கு முன் சக்கரங்கள் முன்பக்கம் 1.2 முதல் 2.4 மில்லிமீற்றர் உள்நோக்கி இருக்க வேண்டும்.

நடுக்கத்தை அடக்க ஸ்டியரிங் டாம்பர் பூட்டுவார்கள். நல்ல வண்டிக்கு அது உதவி. தேய்ந்த வண்டிக்கு அது வலி மாத்திரை மாதிரி. வலி தெரியாது, நோய் உள்ளே வளரும்.

ஸ்பிரிங்கைத் திருத்துவது

சமதரையில், பாரம் இல்லாமல், சக்கர நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை இரு பக்கமும் அளவெடுங்கள். ஒரு பக்கம் நன்றாகத் தாழ்ந்திருந்தால் பட்டை சோர்ந்துவிட்டது. முறிந்த பட்டை உண்டா, துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டதா என்று பாருங்கள். நம் மழைக்கு இந்தத் துருதான் பெரிய எதிரி. பட்டைகளைக் கழற்றி, துருவைச் சுரண்டி, கிரபைட் கிரீஸ் பூசிக் கட்டினாலே பாதிக் குலுக்கல் போய்விடும்.

நடு போல்ட் அறுந்திருந்தால் அச்சு இடம் மாறி வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். யூ போல்ட்டைப் பூட்டிய பின் சில நூறு கிலோமீற்றர் ஓடி மீண்டும் இறுக்குங்கள்.

பலர் விடும் பிழை ஒன்று: ரப்பர் புஷ் போடும்போது வண்டி ஜாக்கியில் தொங்கும் நிலையிலேயே ஷேக்கிள் போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிகிறது. வண்டியின் பாரம் சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு.

உயர்த்த ஆசைப்படும் தம்பிமாருக்கு

ஆசை தப்பில்லை. ஆனால் விளைவு தெரிந்து செய்யுங்கள். நீளமான ஷேக்கிள் போட்டால் முன் அச்சின் சாய்வு மாறும்; வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராமல் அலையும். வண்டி உயர்ந்தால் வளைவில் கவிழும் ஆபத்து கூடும். பிரேக் ஹோஸ் இழுபட்டு நிற்கும். அகல டயர் ஸ்டியரிங்கைப் பாரமாக்கும். பட்டையைக் கூட்டினால் வண்டி விறைப்பாகி, வெறும் வண்டியில் சக்கரம் கல்லில் துள்ளும்; துள்ளும் சக்கரத்துக்குப் பிடி இல்லை.

நல்ல மாற்றம் வேண்டுமானால் பரபோலிக் பட்டை உண்டு. இரண்டு மூன்று பட்டைகள்தான். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு. ஒன்றோடொன்று உரசுவது குறைவு, அதனால் மென்மையாக அசையும். உரசல் குறைந்தபடியால் ஆட்டத்தை நிறுத்தும் வேலை முழுக்க ஷொக் அப்சோபருக்கே வரும். ஆகவே நல்ல ஷொக் அப்சோபரும் சேர்த்தே வாங்க வேண்டும். நோயாளி ஏற்றும் வண்டிக்கு உயரத்தைவிட இந்த மென்மைதான் தேவை.

பணம் செலவாகும் வரிசையை இப்படி வையுங்கள்: முதலில் பிரேக்கும் ஸ்டியரிங்கும். அடுத்து டயரும் பெயரிங்கும். பின் ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும். அழகு கடைசி.

ஏறுகிறவர்கள் கவனத்துக்கு

அக்கா, அம்மாமாரே, வண்டி ஓடத் தெரியாது என்று நீங்கள் ஒதுங்க வேண்டாம். ஸ்டியரிங் நடுங்குகிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, திருப்பும்போது "டக் டக்" என்று சத்தம் வருகிறதா என்று யாரும் கவனிக்கலாம். கண்டால், "தம்பி, இதைக் காட்டிட்டு வா, பிறகு ஏறுறோம்" என்று சொல்லுங்கள். அவர் கோபித்தால் கோபிக்கட்டும். அன்று அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருந்தால் ஒரு தாயை மழையில் கதிரையில் தூக்க வேண்டி வந்திருக்காது.

இந்த ஞாயிறு உங்கள் பிரிவில் உள்ள ஜீப்பைச் சமதரையில் நிறுத்தி, மேலே சொன்ன நான்கு சோதனைகளையும் இரண்டு பேராகச் செய்து பாருங்கள். அரை மணி நேரம் போதும்.