டென்ஷன் இல்லாதவருக்கு பி.பி. வருமா?

"எனக்குத்தான் எந்த டென்ஷனும் கிடையாதே டாக்டர், அப்புறம் எப்படி பி.பி. வரும்?"

ரத்த அழுத்தம் இருக்கிறது என்றதும் பலர் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். வார்த்தைதான் காலை வாரிவிடுகிறது!

இழுத்து நீட்டுவதைச் சொல்லும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது 'டென்ஷன்'. வீணைத் தந்தியின் விறைப்பும் டென்ஷன்தான். ஹை டென்ஷன் கம்பி என்கிறோமே, அங்கே அது மின்னழுத்தம். மனசின் இறுக்கத்துக்கு இந்தப் பெயர் வந்தது பிற்பாடுதான்.

டாக்டர்கள் சொல்லும் 'ஹைப்பர்டென்ஷன்' மனசு சமாச்சாரமே இல்லை. ரத்தம், குழாயின் சுவரை அழுத்துகிற அழுத்தம் அது. சாந்தசொரூபிக்கும் வரும். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்பார்கள். பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. "பொண்ணு கல்யாணம் முடிஞ்சாச்சு, இனி என்ன டென்ஷன்?" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்! கவலை தீர்ந்தாலும் அழுத்தம் தீராது. கவனிக்காமல் விட்டால் பக்கவாதம், மாரடைப்பு வரை இழுத்துப் போய்விடும். டென்ஷனைவிட, தட்டில் இருக்கும் ஊறுகாயையும் அப்பளத்தையும் முதலில் சந்தேகப்படுங்கள். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும்.

வீட்டுப் பேச்சில் இந்த ஒரே சொல் எத்தனை வேஷம் போடுகிறது பாருங்கள். "என்னை டென்ஷன் பண்ணாதே" என்றால் கோபம். பரீட்சைக்குப் போகிற பிள்ளை சொன்னால் பயம். வரன் அமையாத பெண்ணின் அம்மா சொன்னால் கவலை. (வெள்ளைக்காரர் காதில் "டென்ஷன் பண்ணாதே" விழுந்தால் பேந்தப் பேந்த விழிப்பார்!)

வீட்டுக்கு இது போதும். டாக்டரிடம் போதாது. "ஒரே டென்ஷன்" என்று நிறுத்திக்கொள்ளாமல் உடைத்துச் சொல்லுங்கள். படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறது என்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம். தலையைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டினாற்போல் வலித்தால், அதற்கு டென்ஷன் தலைவலி என்றே பெயர். இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் போச்சு என்றால் மனச்சோர்வாக இருக்கலாம்.

நெஞ்சை அழுத்துகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா? "டென்ஷன்தான், சரியாயிடும்" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் பண்ணுங்கள்.