திருகாணியைப் புதைக்கும் வித்தை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வெளிநாட்டு இயந்திரங்கள் பைன் மரப் பெட்டிகளில் வந்து இறங்குகின்றன. பெட்டிகள் பிறகு பழைய மரக்கடைக்குப் போய், யார் வீட்டிலோ பெஞ்சாகின்றன. வாங்குமுன் பலகையில் கோதுமைக் கதிர் முத்திரையைத் தேட வேண்டும். பக்கத்தில் ‘ஹெச்டி’ என்றிருந்தால் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றிய மரம். ‘எம்பி’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்கு ஆகாது. அறுப்பதும் இழைப்பதும் ஆசாரி பாடு.

வம்பு ஸ்க்ரூ தலையில்தான்.

“ஃபெவிகால்ல மரத்தூளைக் குழைச்சு அடைச்சா இடமே தெரியாது சார்” என்பார்கள். இதை எழுதுகிறவர் வேண்டாமென்று சொல்லியும், அவர் இல்லாத நேரம் பார்த்து அப்படித்தான் அடைத்தார்கள். தெரியவில்லைதான், பாலிஷ் போடும் வரை. காய்ந்த பசை சாயத்தைக் குடிக்காது. பலகை முழுக்கத் தேன் நிறம் ஏற, ஸ்க்ரூ இருந்த இடமெல்லாம் வெளிறிய பொட்டு. அதோடு விட்டதா? ஐப்பசி மழையில் பலகை ஊதும், கத்திரியில் சுருங்கும். அடைத்த தூள் கூடவே அசையாது. ஓரம் விண்டு உதிர்ந்தது. பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக் காற்றில் உள்ளிருந்த இரும்பும் துருவேற, மேல்பலகையையே மாற்ற நேர்ந்தது. கூலி வாங்கியவர் மரத்தைக் குறை சொன்னார். மரத்துக்கு வாயில்லை, பாவம்.

மரத்தை மரத்தால்தான் அடைக்க வேண்டும். 8-ம் நம்பர் ஸ்க்ரூ என்றால், 20 மி.மீ. பலகையில் முதலில் 10 மி.மீ. பிட்டால் 8 மி.மீ. ஆழக் குழி, பிறகுதான் நடுவில் சிறு துளை. வரிசை மாறினால் பெரிய பிட் நடுவில் நிற்காமல் அலையும். ஸ்க்ரூ இறங்கியதும், அதே மரத் துண்டில் பிளக் கட்டரால் வெட்டிய வில்லையை, ரேகை பலகையின் ரேகையோடு ஓடும்படி ஒட்ட வேண்டும். கடையில் விற்கும் உருண்டைக் குச்சியை நறுக்கிச் செருகுவது சோம்பேறி வேலை: அதன் வெட்டுமுனை பாலிஷை உறிஞ்சிக் கரும்பொட்டாகிவிடும். உளியால் சீவும்போது முதல் சீவல் சற்று உயரத்திலேயே இருக்கட்டும். இழை எப்பக்கம் சாய்கிறதென்று தெரியாமல் அடியில் தட்டினால் வில்லை குழிக்குள்ளேயே பிளக்கும்.

கடலோரத்துக்குப் பித்தளை ஸ்க்ரூ நல்லது. ஆனால் மென்மையானது, அதே அளவு எஃகு ஸ்க்ரூவை முடுக்கிக் கழற்றி, மரை விழுந்த பிறகே பித்தளையைப் போட வேண்டும்.

அகலமான மேசைப் பலகைக்கு வில்லையே வேண்டாம். அடிச் சட்டத்தின் வழியே கீழிருந்து முடுக்கலாம். சட்டத்துத் துளையை மட்டும், பலகை ஊதும் அகலவாக்கில் சற்று நீட்டிவிட வேண்டும். இதற்கு ஆசாரி கூடுதல் கூலி கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம்.