பாட்டிக்கு ஒரு நடைவண்டி

குழந்தை நடை பழகுவதற்காகத் தச்சர் செய்து தரும் மூன்று சக்கர மர நடைவண்டியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலர் அதைத் தள்ளிக்கொண்டுதான் முதல் அடிகளை எடுத்து வைத்திருப்பீர்கள். நம் நாட்டில் இது மிகப் பழைய பொருள். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் மூன்று சக்கரச் சிறு தேரைக் குதிரை பூட்டாமல் உருட்டி விளையாடிய செய்தி பட்டினப்பாலையிலேயே இருக்கிறது.

அந்த நடைவண்டி இப்போது தாத்தா பாட்டி கைக்கும் வந்திருக்கிறது. இதற்கு நான்கு சக்கரங்கள். அலுமினியக் குழாய்ச் சட்டம், இரண்டு கைப்பிடி, சைக்கிளில் இருப்பது போன்ற பிரேக், களைத்தால் உட்கார ஒரு சிறிய இருக்கை, சாமான் வைக்க ஒரு கூடை என்று எல்லாம் உண்டு. கடையில் ‘ரோலேட்டர்’ என்று கேட்க வேண்டும். நாம் நடைவண்டி என்றே சொல்வோம்.

அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டை மனத்தில் கொள்ளுங்கள். வாசலில் திண்ணை, உயர்ந்த நிலைப்படி, அதைத் தாண்டினால் தெரு. தெரு முனையில் கடலூர் சாலை. அங்கே பஸ் ஏறி, ஆற்றுப் பாலத்தைக் கடந்து, புதுச்சேரி நகரத்தின் மறுகோடியில் கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனைக்குப் பாட்டி போக வேண்டும். வழியில் அந்த வண்டியை மடக்குவது யார்? விரிப்பது யார்? பெரும்பாலும் நீங்கள்தான். ஆகவே இந்தக் கட்டுரை பாட்டிக்காக எழுதப்பட்டதல்ல, உங்களுக்காக எழுதப்பட்டது.

விழுவது சின்ன விஷயம் அன்று. கீழே விழுந்து உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். முதியவர்களுக்கே ஆபத்து அதிகம்.

இந்த வண்டியை 1978இல் உருவாக்கியவர் ஸ்வீடன் நாட்டுப் பெண்மணி ஐனா விஃபால்க். நர்சுப் பயிற்சியில் இருந்தபோது, 21ஆம் வயதில், அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. நடப்பதன் அருமை அவருக்குத் தெரியும். தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. பல கம்பெனிகள் இதைச் செய்து விற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வண்டி எப்படித் தாங்குகிறது?

நிமிர்ந்து நிற்கும் மனிதரின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அதிலிருந்து நேர் கீழே ஒரு கோடு வரையுங்கள். அந்தக் கோடு இரண்டு பாதங்களும் சூழ்ந்த பரப்புக்குள் விழும்வரை அவர் நிற்பார். வெளியே விழுந்தால் சாய்வார். இளைஞர்கள் சாயும்போதே ஒரு காலை நகர்த்தி, அந்தப் பரப்பைப் புதிதாக அமைத்துக்கொள்கிறார்கள். வயதானவர்களால் அவ்வளவு விரைவாக அதைச் செய்ய முடிவதில்லை. நடைவண்டி நான்கு சக்கரங்களையும் சேர்த்து அந்தப் பரப்பைப் பெரிதாக்கிக் கொடுக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை. பாட்டி வண்டிக்குள் நடக்க வேண்டும். அதாவது அவர் பாதங்கள் பின் சக்கரங்களுக்கு இடையே வர வேண்டும். வண்டியை ஒரு முழம் முன்னால் தள்ளிவிட்டுக் குனிந்தபடி பின்னால் போனால், உடலின் எடை கைகள் வழியே வண்டியை முன்னோக்கித் தள்ளும். சக்கரம்தானே, ஓடும்! குனிவதற்கு முக்கியக் காரணம் கைப்பிடியின் உயரம் சரியாக இல்லாமல் இருப்பதுதான். பாட்டியை வழக்கமான செருப்புடன் நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கைகள் தொங்கட்டும். மணிக்கட்டில் மடிப்புக் கோடு இருக்கும் உயரமே கைப்பிடியின் உயரம். அப்போது கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை சற்றே மடங்கியிருக்கும். இரு பக்கமும் ஒரே துளையில் திருகு மாட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

யாருக்கு இந்த வண்டி பொருந்தும் என்பதை மருத்துவரோ இயன்முறைச் சிகிச்சையாளரோ சொல்ல வேண்டும். உடல் எடையை நிறையக் கைகளில் தாங்கி நடக்க வேண்டியவருக்குச் சக்கரம் இல்லாத நாலுகால் வாக்கரே நல்லது. விரல்களில் பிடிமானம் இல்லாதவர் பிரேக்கை அழுத்த முடியாது. விலை அதிகமானது சிறந்தது என்று நினைத்து வாங்கிக் கொடுப்பவர்களைப் பார்க்கிறோம், கஷ்டப்படுவது பாட்டி.

மடங்குவதும் மடங்காததும்

இனி மடக்கும் விஷயத்துக்கு வருவோம். ஒரு சோதனை செய்து பாருங்கள். கெட்டி அட்டையில் ஒரே நீளமான நான்கு பட்டைகள் வெட்டி, முனைகளைக் குண்டூசியால் கோத்துச் சதுரமாக்குங்கள். ஒரு மூலையை அழுத்தினால் சதுரம் சரிந்து தட்டையாகிவிடும். இப்போது மூன்று பட்டைகளை மட்டும் கோத்து முக்கோணம் செய்யுங்கள். எவ்வளவு அழுத்தினாலும் அது வடிவம் மாறாது. மூன்று பக்கங்களின் நீளம் தெரிந்தால் ஒரே ஒரு முக்கோணம்தான் வரைய முடியும் என்று வடிவியலில் படித்திருப்பீர்கள். அதுதான் இங்கே வேலை செய்கிறது. நாற்கரத்துக்கு அந்த உறுதி இல்லை. சதுரத்துக்குக் குறுக்கே ஐந்தாவது பட்டை ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். உடனே அது இரண்டு முக்கோணங்களாகி உறுதி பெற்றுவிடும்.

மடக்கும் பொருள் எதுவானாலும் அது இரட்டை வேடம் போட்டாக வேண்டும். தூக்கிச் செல்லும்போது நாற்கரம்; எடையைத் தாங்கும்போது முக்கோணம். சாய்வு நாற்காலியின் பின்புறம் இருக்கும் பள்ளங்களில் ஒரு கட்டை போய் உட்காருகிறதே, அதுதான் அங்கே நாற்கரத்தை முக்கோணமாக்குகிறது. குடையைத் திறந்ததும் தண்டிலிருந்து எட்டிப் பார்க்கும் சின்னஞ்சிறு கொக்கிக்கும் அதே வேலை. நடைவண்டியில் இந்த வேலையைச் செய்வது இருக்கைக்குக் கீழே இருக்கும் பூட்டுச் சட்டம்.

இந்தப் பூட்டுச் சட்டம் பல வண்டிகளில் நடுவே ஒரு மூட்டுடன் இருக்கும். விரிக்கும்போது அந்த மூட்டு நேர்கோட்டைத் தாண்டி ஒரு துளி கீழே இறங்கி நின்றுவிடும். அதன்பின் மேலே எடை ஏற ஏற மூட்டு இன்னும் கீழேதான் அழுந்தும், மடங்காது. நிற்கும்போது உங்கள் முழங்கால் நேராகிவிட்டால் தசைக்கு அதிக வேலை இல்லாமல் போகிறதல்லவா? அதே தந்திரம். ஆனால் மூட்டு நேர்கோட்டுக்கு ஒரு துளி மேலேயே நின்றுவிட்டால்? பார்வைக்கு வண்டி விரிந்தே இருக்கும். பாட்டி உட்கார்ந்த கணத்தில் மடங்கிவிடும். ‘முக்கால்வாசி விரிந்த’ வண்டியை விட மடங்கிய வண்டி எவ்வளவோ மேல். அதன் மேல் யாரும் உட்கார மாட்டார்கள்.

ஆகவே விரிக்கும்போது சமதரையில் வையுங்கள். இரு பக்கச் சட்டங்களையும் விலக்கி, உள்ளங்கையால் இருக்கையின் பக்கக் குழாய்களைக் கீழே அழுத்துங்கள். ‘டக்’ என்ற ஓசை கேட்க வேண்டும். ஓசை கேட்டாலும் நம்பிவிடாதீர்கள். சட்டங்களை உள்நோக்கித் தள்ளிப் பாருங்கள். அசையக் கூடாது. மடக்கும்போது பிரேக்கைப் பூட்டி, கூடையைக் காலி செய்து, இருக்கையை மேலே தூக்கி, நடுவில் இருக்கும் வாரைப் பிடித்து இழுத்தால் போதும். சில வண்டிகள் பக்கவாட்டில் மடங்கும், சில முன்பின்னாக. எந்த வகையானாலும் விரல்களைக் குழாய்கள் சேரும் இடத்தில் வைக்காதீர்கள். கத்தரிக்கோல் எங்கே வெட்டுமோ அங்கேதான் இதுவும் நசுக்கும்.

மடக்குவதற்கு முன் இன்னொன்று. பாட்டி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்? வண்டியைத்தானே! அதை எடுத்துவிட்டால் அவர் அந்தரத்தில் நிற்பார். பஸ்ஸிலோ ஆட்டோவிலோ ஏறும்போது முதலில் பாட்டி உட்காரட்டும், பிறகு வண்டி மடங்கட்டும். இறங்கும்போது இதற்கு நேர்மாறு: முதலில் வண்டி இறங்கி, விரிந்து, பிரேக் பூட்டி நிற்க வேண்டும், பிறகுதான் பாட்டி. கண்டக்டர் அவசரப்படுத்துவார். படுத்தட்டும்.

நிலைப்படிக் கணக்கு

வண்டியின் பெரிய எதிரி நம் வீட்டு நிலைப்படி. சக்கரத்தின் ஆரம் 10 செ.மீ., படியின் உயரம் 2 செ.மீ. என்று கொள்வோம். சக்கரம் படியில் முட்டி நிற்கிறது. படியின் விளிம்பைச் சுற்றித்தான் அது மேலேற வேண்டும். அச்சைக் கிடையாகத் தள்ளும் விசை, விளிம்பிலிருந்து 10 – 2 = 8 செ.மீ. உயரத்தில் செயல்படுகிறது. கீழிழுக்கும் எடை எவ்வளவு தூரத்தில் செயல்படுகிறது? பிதாகரஸ் தேற்றப்படி, 100இலிருந்து 64 போக 36. அதன் வர்க்கமூலம் 6 செ.மீ. திருப்புத்திறன்களைச் சமப்படுத்தினால், தள்ளும் விசை எடையில் 6/8 பங்கு. முன் சக்கரங்களில் 8 கிலோ எடை இருந்தால் 6 கிலோ விசை வேண்டும். ஆரம் 5 செ.மீ. மட்டுமே உள்ள சிறு சக்கரமானால் அதே கணக்கில் 4/3 பங்கு, அதாவது ஏறக்குறைய 10.7 கிலோ. பெரிய சக்கரம் ஏன் நல்லது என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஆனால் பாட்டி அச்சைத் தள்ளுவதில்லை. தரையிலிருந்து 85 செ.மீ. உயரத்தில் உள்ள கைப்பிடியைத் தள்ளுகிறார். முன் அச்சிலிருந்து அது 75 செ.மீ. மேலே. 8 கிலோ வண்டியின் ஈர்ப்பு மையம் முன் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் இருப்பதாகக் கொண்டால், 8 × 30 = 240; 240ஐ 75ஆல் வகுத்தால் 3.2. சக்கரம் படியேற 6 கிலோ வேண்டும், ஆனால் 3.2 கிலோவைத் தாண்டியதுமே பின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிடும்! வண்டி ஏறுவதற்கு முன்பே கவிழும். கைகள் கைப்பிடியைக் கீழே அழுத்துவதால் கணக்கு சற்று மாறும் என்பது உண்மை. ஆபத்து மாறாது.

வழி? தச்சரிடம் சொல்லி ஆப்பு வடிவில் ஒரு சரிவுப் பலகை செய்துகொள்ளுங்கள். 1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம் என்பது வழக்கமான அளவு. 2 செ.மீ. படிக்கு 24 செ.மீ. பலகை. அதில் 8 கிலோவை ஏற்றச் சுமார் 0.7 கிலோ விசையே போதும். பலகை நழுவாமல் தரையோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும். நிலைக்கு உட்புறமும் ஒன்று தேவைப்படலாம்.

முட்டுக்கட்டையும் பிரேக்கும்

அரியாங்குப்பத்துக்காரர்களுக்கு வீராம்பட்டினம் ஆடித் தேரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய தேரையும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை வைத்துத்தான் நிறுத்துகிறார்கள். கட்டை வைப்பவருக்கு வடம் பிடிப்பவரை விடக் கவனம் வேண்டும். நடைவண்டியின் பிரேக்கும் முட்டுக்கட்டையின் உறவுதான்: கைப்பிடியில் உள்ள நெம்புகோல் கம்பியை இழுக்க, ஒரு சிறு கட்டை பின் சக்கரத்தில் அழுந்தி உராய்வால் நிறுத்துகிறது. நெம்புகோலில் விரல் 8 செ.மீ. தொலைவிலும் கம்பி 2 செ.மீ. தொலைவிலும் இருந்தால் விசை நான்கு மடங்காகும்.

பெரும்பாலான வண்டிகளில் நெம்புகோலை மேலே இழுத்தால் வேகம் குறையும். கீழே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். உட்காரும் முன் இரண்டு பக்கமும் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் வண்டி அந்தச் சக்கரத்தைச் சுற்றித் திரும்பிவிடும். ஐப்பசி மழையில் நனைந்த சக்கரத்திலும், கடற்கரை மணல் ஒட்டிய சக்கரத்திலும் உராய்வு குறையும். துடைத்துவிட்டு ஒருமுறை சோதியுங்கள். வண்டியைப் பூட்டித் தள்ளிப் பார்க்கும்போது பின் சக்கரம் உருண்டால், கம்பியை இறுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. சைக்கிள் கடைக்காரரே செய்து கொடுப்பார்.

பாட்டியை இருக்கையில் உட்காரவைத்து நீங்கள் தள்ளிச் செல்லலாமா? கூடாது. இது சக்கர நாற்காலி அன்று. சிறு கல்லில் முட்டினாலும் கவிழும். ஓடும் பஸ்ஸில் இதன் மேல் உட்காரவும் கூடாது. பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும், வண்டி முழுவதும் வழுக்குவதை அது தடுக்காது. காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டும் பழக்கமும் வேண்டாம். கைப்பிடி பின் சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருந்தால் பை வண்டியைப் பின்னே சாய்க்கும். கூடை எதற்கு இருக்கிறது?

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. படியின் உயரம் சக்கரத்தின் ஆரத்துக்குச் சமமானால், அதாவது இரண்டும் 10 செ.மீ. ஆனால், தள்ளும் விசை எவ்வளவு வேண்டும்? மேலே செய்ததுபோல் போட்டுப் பாருங்கள். விடை கிடைத்ததும் உங்கள் வீட்டு மாடிப்படியின் உயரத்தை அளந்து பாருங்கள்.