நேரத்தைக் கூட்டி எழுதாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

கல்லூரி கிளஸ்டரில் போட்ட வேலை இன்னும் வரிசையிலேயே கிடக்கிறது, பின்னால் வந்தவனுடையது ஓடி முடிந்தும் விட்டது, எல்லாம் சிபாரிசு என்று போனில் பொரிந்து தள்ளினாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு மணி நேர வேலைக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் எழுதிக் கொடுத்திருக்கிறாய். சிக்கல் அங்கேதான்.

காசிமேட்டுக் கரையில் நின்றால் வெளிக்கடலில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்கள் தெரியுமே, அவற்றில் எது முதலில் உள்ளே வரும் என்பதை வந்த வரிசை மட்டும் தீர்மானிப்பதில்லை. நீளம், டிராஃப்ட் (நீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழம்), சரக்கு, இறக்க ஆகும் நேரம் எல்லாவற்றையும் ஏஜென்ட் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். நாளை இரவு பெரிய கப்பலுக்கு ஒதுக்கிய பெர்த் இன்று காலியென்றால், பன்னிரண்டு மணி நேரத்தில் கிளம்பும் சின்னக் கப்பலை இடையில் கட்டி அனுப்பிவிடலாம். ‘ரெண்டு நாள் ஆகும்’ என்று சொன்ன கப்பலை எப்படிக் கட்டுவது?

கம்ப்யூட்டர் உலகில் இதற்கு பேக்ஃபில் என்று பெயர். 1995 வாக்கில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ஐபிஎம் இயந்திரத்துக்காக எழுதிய ‘ஈஸி’ என்ற ஷெட்யூலர்தான் இதைப் பிரபலமாக்கியது. வரிசையில் முதலில் நிற்கும் வேலைக்கு ஒரு தொடக்க நேரத்தைக் குறித்துவிடும். அந்த நேரம் தள்ளிப்போகாது என்றால்தான் பின்னால் நிற்பது முந்தலாம். நிஜமாக எவ்வளவு நேரம் ஓடும் என்று அதற்கு எப்படித் தெரியும்? நீ எழுதியதைத்தான் நம்பும்.

குறைத்து எழுதினால் ஷெட்யூலர் வேலையைப் பாதியில் கொன்றுவிடுமே என்ற உன் பயம் நியாயம்தான். அதற்குத்தான் சின்னத் தரவை வைத்து ஒருமுறை ஓட்டி அளந்து பார்க்கச் சொல்கிறேன். வந்த கணக்குக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக்கொள். பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடர, அவ்வப்போது செக்பாயிண்ட் எழுதி வை.

வேலைக்கு நேரம் எழுதுவதுபோல, பொது ஃபைலுக்குப் பூட்டுப் போடுகிறாயே, அதற்கும் காலக்கெடு வேண்டும். வேறொரு மெஷின் பூட்டைப் பிடித்தபடியே விழுந்துவிட்டால், அது செத்ததா, தாமதமா என்று மற்றவற்றுக்குத் தெரியாது. 1989-லேயே கேரி கிரே, டேவிட் செரிட்டன் இருவரும் ‘லீஸ்’ என்று இதற்கு வழி சொல்லிவிட்டார்கள். கெடு முடிந்தால் உரிமையும் முடிந்தது. தொடர வேண்டுமானால் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

கோபத்தில் வேலையை ரத்து செய்துவிடாதே, இத்தனை நேரம் நின்ற இடம் போய்விடும். நிற்கும் வேலையின் நேரத்தைக் குறைக்க, உங்கள் கிளஸ்டரின் ஷெட்யூலரான ஸ்லர்ம் உனக்கே அனுமதி தரும். கூட்டுவதென்றால்தான் அட்மினிடம் போக வேண்டும். இன்றைக்கே ஆறு மணி நேரமாக மாற்றிவிட்டு, என்ன ஆயிற்று என்று போன் பண்ணு.

பெரியப்பா,
ராயபுரம்